ஸ்லவ் முதல் சிட்லபாக்கம் வரை: வெப்பத்தைப் பார்க்கும் கருவி வந்த வழி

சிட்லபாக்கம் ஏரியில் குப்பை மேடு இருந்த காலத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேரூராட்சியின் குப்பை பல ஆண்டுகள் ஏரியின் ஒரு பகுதியில்தான் கொட்டப்பட்டது. வெயில் ஏற ஏற அது பற்றிக்கொள்ளும். தண்ணீரைப் பீய்ச்சினால் மேலே அணையும், பிறகு இன்னோர் இடத்திலிருந்து புகை எழும். எரிவது மேலே அல்ல, அடியில். எந்த இடத்தைக் கிளற வேண்டும், எங்கே தண்ணீரை இறக்க வேண்டும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. குடியிருப்போர் ஓயாமல் முறையிட்டார்கள். மேடு அகற்றப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டது. 2021 நவம்பரில் ஊர் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது. புகைக்குப் பின்னால் இருக்கும் நெருப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் புகைக்குள் விழுந்து கிடக்கும் மனிதரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. தெர்மல் கேமரா என்பார்கள். வெளிச்சத்தை விட்டுவிட்டு வெப்பத்தைப் படமாக்குவது. இன்று ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். இந்த அளவுக்குச் சுருங்கி ஒரு தீயணைப்பு வீரரின் கைக்கு வந்து சேர அதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின. கடைசி ஐம்பது அறுபது ஆண்டுகளை அது பெரும்பாலும் ராணுவத்தின் பூட்டுக்குள் கழித்தது.

கதை 1800-இல் இங்கிலாந்தின் ஸ்லவ் என்ற ஊரில் தொடங்குகிறது. வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். பிழைப்புக்கு இசைக்கலைஞராக இருந்தவர், 1781-இல் யுரேனஸைக் கண்டுபிடித்ததும் வானியலே வாழ்க்கையாகிவிட்டது. சூரியனைப் பார்ப்பதற்காக வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்தபோது, சில கண்ணாடிகளின் வழியே வெளிச்சம் குறைவாகவும் சூடு அதிகமாகவும் வருவதைக் கவனித்தார். எந்த நிறத்துக்கு எவ்வளவு சூடு என்று அளந்துவிட முடிவு செய்தார். முப்பட்டகத்தில் வெயிலைப் பிரித்து, குமிழில் கறுப்புப் பூசிய வெப்பமானிகளை நிறம் நிறமாக வைத்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போகச் சூடு ஏறியது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி எல்லாவற்றையும்விட மேலே ஏறியது. அகச்சிவப்புக் கதிரை மனிதன் முதன்முதலில் அறிந்துகொண்டது அந்த மேசையில்தான்.

அவர் மகன் ஜான் ஹெர்ஷல் 1840-இல் அந்தக் கதிரைப் படமாகவும் பிடித்துவிட்டார். கரி பூசிய தாளில் சாராயத்தைத் தடவி, வெயிலின் நிறமாலையை அதன்மேல் விழவைத்தார். சூடு விழுந்த இடம் முதலில் உலர்ந்தது, உலர்ந்த தடமே படம். 1880 வாக்கில் அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி போலோமீட்டரைச் செய்தார். சூடுபட்டால் மெல்லிய உலோகப் பட்டையின் மின்தடை மாறும், அந்த மாற்றத்தை அளந்தால் சூட்டின் அளவு தெரியும். கால் மைலுக்கு அப்பால் நிற்கும் பசுவின் உடல் சூட்டைக்கூட அது உணரும் என்று சொல்வார்கள். இந்தப் பட்டையை மறந்துவிட வேண்டாம். நூறு ஆண்டு கழித்து இந்தக் கருவியின் தலையெழுத்தை மாற்றப்போவது இதுதான்.

புகைக்குள் நம் கண்ணுக்குத் தெரியாதது இந்தக் கருவிக்கு ஏன் தெரிகிறது? சூடு உள்ள எந்தப் பொருளும் கதிர் வீசிக்கொண்டே இருக்கிறது. நம் உடல் சூட்டில் அந்தக் கதிரின் அலைநீளம் 9, 10 மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சத்தில் இருக்கும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரோமீட்டர் அளவுதான். புகையில் மிதக்கும் கரித்துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவானவை. அவை ஒளியைச் சிதறடித்துவிடும், அதனால்தான் டார்ச் அடித்தால் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கிறது. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான நீண்ட அலை அந்தத் துகள்களைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் கடந்து வந்துவிடும். மலைப்பாம்பும் குழிவிரியனும் முகத்தில் உள்ள சிறு குழிகளால் இந்தக் கதிரை உணர்ந்துதான் இருட்டில் எலியைப் பிடிக்கின்றன. சாரைக்கும் நல்ல பாம்புக்கும் அந்த வசதி இல்லை.

கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க முடியும் என்றதும் முதலில் ஓடிவந்தவர்கள் படைக்காரர்கள். ஹங்கேரிய இயற்பியலாளர் கால்மான் டிஹானி 1929-இல் பிரிட்டனின் விமான எதிர்ப்புப் பாதுகாப்புக்காக அகச்சிவப்பை உணரும் கேமராவை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் காரீய சல்ஃபைடு உணரிகளில் வேகமாக முன்னேறினார்கள். 1959-இல் பிரிட்டனின் மால்வெர்னில் இருந்த ராணுவ ஆய்வகத்தில் பாதரச காட்மியம் டெலுரைடு என்ற கலவை உருவானது. விமானத்திலிருந்தும் பீரங்கி வண்டியிலிருந்தும் இரவில் எதிரியைப் பார்க்கும் கேமராக்களுக்கு அதுவே உயிர். ஆனால் உணரியைத் திரவ நைட்ரஜனின் குளிர்நிலைக்கு, அதாவது கழித்தல் 196 டிகிரி செல்சியஸை ஒட்டி இறக்கினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். எரியும் வீட்டுக்குள் தவழ்ந்து போகிறவர் அந்தக் குளிரூட்டியைச் சுமக்க முடியாது.

தீயணைப்பின் பக்கம் இந்தக் கருவியைத் திருப்பியதும் ஒரு போர்தான். 1982 மே 4 அன்று ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஷெஃபீல்டை அர்ஜென்டினா விமானம் ஏவிய எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது. 20 பேர் இறந்தார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்தது, கப்பல் முழுக்கக் கறுத்த நச்சுப்புகை. தீயை அடக்க முடியாமல் மாலுமிகள் கப்பலை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. மே 10 அன்று இழுத்துச் செல்லும் வழியில் அது மூழ்கியது. கப்பலுக்குள் புகையின் ஊடே பார்க்கும் கேமரா வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படைக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செம்ஸ்ஃபோர்டில் இருந்த இங்கிலீஷ் எலெக்ட்ரிக் வால்வ் நிறுவனம் பைரோ எலெக்ட்ரிக் விடிகான் என்ற குழாயைக் கொண்டு குளிரூட்டி தேவைப்படாத கேமராவைச் செய்தது. அங்கிருந்து அது நகரத் தீயணைப்புப் படைகளுக்கும் போனது. அந்தக் குழாய்க்கு ஒரு குறை உண்டு. சூட்டில் மாற்றம் நிகழ்ந்தால்தான் அது உணரும். அசையாத காட்சி மெல்ல மங்கிவிடும். கேமராவை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் லென்ஸுக்குப் பின்னால் ஒரு தகடு சுழன்று காட்சியை வெட்டி வெட்டிக் காட்ட வேண்டும். கனமும் அதிகம், விலையும் அதிகம்.

பூட்டு உண்மையில் உடைந்தது அமெரிக்காவில். 1980-களில் மின்னசோட்டாவில் ஹனிவெல் நிறுவனம் ராணுவப் பணத்தில் லாங்லியின் பழைய பட்டையைச் சிலிக்கான் சில்லுக்குள் கொண்டுவந்தது. வனேடியம் ஆக்சைடு பூசிய மிகச் சிறிய தகடு, இரண்டு மெல்லிய கால்களில் அந்தரத்தில் தொங்கும். முற்றத்தில் போட்ட கயிற்றுக் கட்டில் தரையின் சூடு மேலே ஏறாதபடி படுத்தவரைத் தாங்குவதுபோல, அந்தத் தகடு அடியிலுள்ள சில்லின் சூடு படாமல் நிற்கும். எதிரே உள்ள பொருளின் கதிர் பட்டால் அதன் சூடு மிக மிகச் சிறிதளவு ஏறும், மின்தடை மாறும். ஆயிரக்கணக்கான தகடுகளை வரிசை வரிசையாக அடுக்கினால் படம். மைக்ரோபோலோமீட்டர் என்று பெயர். குளிரூட்டி வேண்டாம், குழாய் வேண்டாம். டல்லஸில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வேறொரு பீங்கான் பொருளைக் கொண்டு இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டும் ராணுவ ரகசியம். 1992-இல்தான் ரகசியம் விலக்கப்பட்டது. அந்த ஆண்டை இந்தக் கருவியின் இரண்டாவது பிறப்பு என்பேன்.

வெளியே வந்த கருவிக்கு வேலை கொடுத்தது ஒரு துக்கம். 1999 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், கைவிடப்பட்ட ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்தது. ஜன்னலே இல்லாத, உள்ளே வழி தெரியாத கட்டடம். யாராவது உள்ளே இருப்பார்களோ என்று தேடிப்போன இரண்டு வீரர்கள் வழி தவறினார்கள். முதுகில் சுமந்த காற்று தீர்ந்தது. அவர்களைத் தேடிப்போன நால்வரும் திரும்பவில்லை. ஆறு பேரும் நெருப்புக்குள் வழி தெரியாமல் இறந்தவர்கள் என்பதை அந்த நாட்டின் தீயணைப்புத் துறை மறக்கவில்லை. அதன் பிறகு ஊர் ஊராகத் தெர்மல் கேமரா வாங்கினார்கள், மத்திய அரசின் மானியமும் வந்தது. இந்தக் கருவிக்கென்றே அங்கே தனித் தரநிர்ணயமும் பிறகு வந்தது.

அதே காலத்தில் அது வேறு வேலைகளுக்கும் போய்விட்டது. 2000-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் டிவில் கார், இருட்டில் சாலையில் நிற்பவரைக் காட்டும் தெர்மல் கேமராவோடு விற்பனைக்கு வந்தது. 2003-இல் சார்ஸ் பரவியபோது, சிங்கப்பூர் தன் ராணுவத் தொழில்நுட்பர்களைக் கொண்டு சில நாட்களுக்குள் காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் கேமராவை விமான நிலையத்தில் நிறுத்தியது. 2020-இல் கொரோனா வந்தபோது நாமும் அதன் முன்னால் வரிசையில் நின்றோம். தெர்மல் ஸ்கேனர் என்ற சொல் அப்போதுதான் நம் வீடுகளுக்குள் வந்தது.

தமிழ்நாட்டுக்கு இது முன்பே வந்திருந்தது, வழக்கம்போலப் படையின் வழியாக. சென்னையின் மேற்கு விளிம்பில் ஆவடியில் உருவாகும் அர்ஜுன், டி-90 பீரங்கி வண்டிகளின் சுடுநருக்கு இரவில் கண் தெர்மல் சைட்தான். மின்சார ரயில் ஓடும் மேல்நிலைக் கம்பிகளில் எந்த இணைப்பு சூடேறுகிறது என்று இதைக் கொண்டு பார்ப்பது இந்திய ரயில்வேயில் வழக்கம். 2024 தொடக்கத்தில் கோவை மதுக்கரையில் வனத்துறை இருப்புப்பாதையோரம் 12 கோபுரங்கள் நிறுத்தி, தெர்மல் கேமராக்களைப் பொருத்தியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரயிலுக்குத் தகவல் போய்விடும். யானையைக் காக்க இவ்வளவு செய்ய முடிந்த மாநிலம் இது. அதை மகிழ்ச்சியோடுதான் எழுதுகிறேன். அதே அக்கறையைப் புகைக்குள் போகும் வீரரிடமும் எதிர்பார்க்கிறேன்.

சென்னையின் பெரிய தீ விபத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 ஜூலை 11 அன்று அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தது. 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறையில், சேப்பாக்கம் எழிலகத்தில் 1768-இல் கட்டப்பட்ட கலச மஹால் எரிந்தது. உள்ளே இறங்கிப் போராடிக்கொண்டிருந்தவர்கள்மேல் கட்டடம் சரிந்தது. ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார், பெண் அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் படுகாயமடைந்தார். 2017 மே 31 அதிகாலை தி.நகர் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் பற்றியது. மேல்மாடியில் சிக்கியிருந்த ஊழியர்களை இறக்கிவிட்டார்கள், ஆனால் தீயை நெருங்கவே முடியவில்லை. நாலாபுறமும் அடைத்த கட்டடம், புகை வெளியேற வழியில்லை. சுவரை உடைத்து ஓட்டை போட்டுத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஒரு நாளைக்கு மேல் எரிந்து, முகப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

தெர்மல் கேமரா இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகும். ஆனால் கூரைக்குக் கீழே சூடு எவ்வளவு திரண்டிருக்கிறது, அது எந்தப் பக்கம் நகர்கிறது, உள்ளே நிற்பவர்கள் எப்போது வெளியே வந்துவிட வேண்டும் என்பதைச் சொல்ல இன்று இதைவிடச் சிறந்த கருவி இல்லை. கூரையை ஒட்டிய புகை 500, 600 டிகிரியை எட்டும்போது அறை முழுவதும் ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். தடித்த கோட்டும் தலைக்கவசமும் முகமூடியும் அணிந்தவருக்கு அந்தச் சூடு உறைக்கும்போது நேரம் கடந்திருக்கும். கேமரா அதை முன்னாலேயே காட்டும்.

பெரிய கட்டடங்களை விட்டு நம் தெருவுக்கு வருவோம். சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று எங்கே பார்த்தாலும் தனி வீடுகள் இருந்த மனையில் இன்று அடுக்குமாடிகள். தரைத்தளத்தில் வண்டி நிறுத்துமிடம், அங்கேயே மின் மீட்டர்ப் பலகை, அங்கேயே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் மின்சார ஸ்கூட்டர். மேலே போக ஒரே படிக்கட்டு. கீழே பற்றினால் புகை அந்தப் படிக்கட்டின் வழியாகத்தான் மேலே ஏறும். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர் எரிந்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், நமக்குப் பக்கத்தில் ஊரப்பாக்கத்தில், ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் வெடித்துக் கிளம்பிய புகையில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள். கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் 2011 டிசம்பரில் சுமார் 90 பேர் இறந்ததும் அடித்தளத்தில் தொடங்கி மேலே பரவிய புகையால்தான். நெருப்பு தொடாமலே ஆளைக் கொல்வது புகை. புகைக்குள் விழுந்தவருக்கு இருக்கும் அவகாசம் சில நிமிடம். அறை அறையாகச் சுவரைத் தடவிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவித் தேடும் நேரத்தில் அந்த நிமிடங்கள் கரைந்துவிடும். வாசலில் மண்டியிட்டு ஒருமுறை கேமராவைத் திருப்பினால், கதவு எங்கே, கட்டில் எங்கே, தரையில் கிடப்பது ஆளா தலையணையா என்று தெரிந்துவிடும். நான் இந்தக் கருவிக்காக இவ்வளவு வாதாடுவது அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான்.

ஆனால் குளிர்நாட்டில் பிறந்த கருவி நம் ஊருக்கு வந்தால் புதிதாகப் பழக வேண்டியவை உண்டு. கையேட்டைத் தமிழில் போடுவதோடு அது முடிந்துவிடாது.

முதலாவது நம் வெயில். இங்கிலாந்தில் பனிக்கால இரவில் சுவர் 10 டிகிரியில் இருக்கும், ஆளின் தோல் 33, 34 டிகிரியில் இருக்கும், திரையில் ஆள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவார். கத்திரி வெயிலில் நம் மொட்டைமாடியும் மேற்குச் சுவரும் நாள் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். அறைச் சுவரும் மனிதத் தோலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும் நேரம் வரும். அப்போது ஆள் திரையில் சுவரோடு கரைந்துவிடுவார். தீப்பற்றிய அறையில் நிலைமை தலைகீழ். சுற்றிலும் எல்லாம் ஆளைவிடச் சூடாக இருக்கும், ஆகவே ஆள் கறுப்பாகத் தெரிவார். வெள்ளையாக எது தெரிகிறதோ அதை மட்டும் தேடப் பழகியவர் பக்கத்தில் கிடக்கும் மனிதரைத் தாண்டிப் போய்விடலாம். நிறத்தை நம்பாமல் உருவத்தைத் தேடக் கண்ணைப் பழக்க வேண்டும். தோளின் வளைவு, மடங்கிய முழங்கால், அசைவு.

இரண்டாவது நம் வீடு. பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் காட்டாது, எதிரே இருப்பதன் சூட்டைத்தான் திருப்பிக் காட்டும். நம் அடுக்களையில் எவர்சில்வர் டப்பாக்களும் குடங்களும் அலமாரி நிறைய இருக்கும். எரிகிற பாத்திரத்தின் பிம்பம் எதிர் அலமாரியில் தெரிந்தால் அங்கேயும் தீ என்று தோன்றும். பளபளப்பான தரை ஓடும் ஓரளவு அப்படித்தான். வீரர் தன் உருவத்தையே அதில் கண்டு, யாரோ கிடக்கிறார் என்று நினைத்துவிடலாம். கண்ணாடியோ இந்தக் கதிருக்குச் சுவர். ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவரைப் பார்க்க முடியாது, கண்ணாடியின் சூடுதான் தெரியும். கண்ணாடி முகப்புப் போட்ட கடைகளுக்கு வெளியே நின்று கேமராவைத் திருப்புவதில் பெரிய பயன் இல்லாததற்கு இதுதான் காரணம். தண்ணீரும் அப்படியே. சூடான அறையில் தண்ணீர் அடித்ததும் எழும் ஆவி படத்தைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும்.

மூன்றாவது கருவியின் சொந்தப் பழக்கம். அவ்வப்போது உள்ளே ஒரு சிறு மூடி விழுந்து தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும், 'டிக்' என்ற ஓசையோடு படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். அது பழுதல்ல என்பது உள்ளே போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடையில் எல்லா தெர்மல் கேமராவும் ஒன்றுபோலத் தெரியும். எலக்ட்ரீஷியன் வைத்திருப்பதற்கும் தீயணைப்புக்கென்று செய்ததற்கும் வேறுபாடு பெரிது. முன்னது சூட்டில் உருகும், தண்ணீர் பட்டால் நிற்கும். வினாடிக்கு 9 படம் காட்டும் மலிவான கருவிகளை நாடு விட்டு நாடு எளிதாக வாங்கலாம், அதைத் தாண்டிய வேகத்துக்கு அமெரிக்கா போன்ற நாடுகள் ஏற்றுமதி உரிமம் கேட்கும். ஆயுதமாகவும் பயன்படக்கூடிய பொருள் என்ற முத்திரை இன்னும் அதன்மேல் இருக்கிறது. தவழ்ந்து கொண்டே திரும்பிப் பார்ப்பவருக்கு 9 படம் போதாது, தலை சுற்றும்.

விலைக்கு இன்னொரு காரணம் லென்ஸ். சாதாரணக் கண்ணாடி ஆகாது என்பதால் பெரும்பாலும் ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். 1886-இல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்கில் கிளெமன்ஸ் விங்க்ளர் கண்டுபிடித்த தனிமம் அது. நம் கண்ணுக்குப் பளபளக்கும் சாம்பல் நிறப் பொருள், அகச்சிவப்புக் கதிருக்குத் தெளிந்த ஜன்னல். உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவின் கையில். 2023 ஆகஸ்டில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. தாம்பரத்தில் ஒரு தீயணைப்பு நிலையத்துக்கு வாங்கும் கருவியின் விலையில் பெய்ஜிங்கின் முடிவும் சேர்ந்திருக்கிறது.

இந்தக் கருவி செய்யாததையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மீட்பு வேலை என்றதும் சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் பார்க்கும் மாயக்கண் என்று பலர் நினைக்கிறார்கள். 2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையும் நம் தீயணைப்பு வீரர்களும் நாள் கணக்கில் தோண்டி 27 பேரை உயிரோடு எடுத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கான்கிரீட்டுக்கு அடியில் கிடப்பவரின் சூடு மேலே வராது. அங்கே வேண்டியது ஓசையைக் கேட்கும் கருவி, மோப்ப நாய், இடுக்கில் நுழையும் கேமரா. ஆழ்துளைக் கிணற்றிலும் மண்சரிவிலும் அப்படியே. மழைக்காலத்தில் ஏரி ஓரத் தெருக்களிலிருந்து பாம்பு பிடிக்கக் கூப்பிடுகிறார்களே, அதற்கும் இது பெரிதாக உதவாது. பாம்பின் உடல் சுற்றுப்புறச் சூட்டிலேயே இருக்கும்.

கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் எரிந்தபோதும் எந்தக் கேமராவும் காப்பாற்றியிருக்காது. கீற்றுக் கூரையும் குறுகிய ஒற்றைப் படிக்கட்டும் அங்கே செய்த கொலைக்குத் தீர்வு கருவியில் இல்லை, சட்டத்தை மதிப்பதில் இருந்தது.

ஆனால் திறந்த வெளியில், இருட்டில், தண்ணீர் சூழ்ந்த மாடியில் நிற்கும் ஆட்களைத் தேட ட்ரோனில் கட்டிய தெர்மல் கேமராவுக்கு நிகரில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய இரவுகளை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கரன்ட் இல்லாத ஊரில், வீட்டுக்கு மேலே யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் படகுகள் அலைந்தன. குப்பை மேட்டுக்கும் அதுவே பொருத்தம். 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றிச் சில நாட்கள் எரிந்தது. 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரத்தில் பற்றியது அணைய 12 நாட்கள் ஆயின. மீத்தேன் ஊறிய குப்பை அடியில் கனன்றுகொண்டே இருக்கும். மேலிருந்து பார்த்தால் எந்த இடத்தின் மேற்பரப்பு பக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதோ அங்கே பொக்லைனை இறக்கலாம். இன்னும் நல்லது, பற்றுவதற்கு முன்பே கோடையில் வாரம் ஒருமுறை பறக்கவிட்டுப் பார்ப்பது. பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குகள் அதைக் கேட்கின்றன.

இப்போது பணம். 2023-இல் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. தீயணைப்புக்கென்று செய்த ஒரு நல்ல தெர்மல் கேமராவின் விலை சில லட்சம் ரூபாய், ஒரு தீயணைப்பு வண்டியின் விலையில் சிறு பகுதி. என் கருத்து இதுதான்: முதலில் புறப்படும் ஒவ்வொரு வண்டியிலும் ஒன்று இருக்க வேண்டும். தலைமையிடத்தில் பூட்டி வைத்துவிட்டு, பெரிய விபத்து என்றால் அனுப்புவது வீண். புகைக்குள் கிடப்பவருக்கு இருக்கும் அவகாசத்தில் அது ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி வந்து சேராது. வாங்குவதோடு பயிற்சியும் வேண்டும். புகை நிரப்பிய அறையில், மூச்சுக்காற்றுக் கருவியான பி.ஏ. செட்டை மாட்டிக்கொண்டு, கத்திரி மாதத்து மதியத்தில், எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவில். கேமரா கையில் இருந்தாலும் ஒரு கை சுவரை விடக் கூடாது என்ற பழைய பாடத்தை மறக்காமல். பேட்டரி தீர்ந்துபோனால் வெளியே கூட்டி வருவது அந்தச் சுவர்தான்.

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை முதல் நாள், தீயணைப்புத் துறைக்கு நினைவு நாள். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்களுக்காக நாடு முழுக்க அன்று தொடங்கி 20-ஆம் தேதி வரை தீயணைப்பு வாரம் நடத்துகிறார்கள். கருவிகளை வெளியே வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டுவார்கள். அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். நம் பக்கத்துக்கு முதலில் வரும் வண்டியில் தெர்மல் கேமரா இருக்கிறதா, எத்தனை பேருக்கு அதைக் கையாளத் தெரியும் என்று மரியாதையோடு கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அதை வார்டு உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் கொடுங்கள். ஏரிக் குப்பைக்காக எழுதியது நாம்தான், இதற்கும் நாம்தான் எழுத வேண்டும். வீட்டுக்குத் திரும்பியதும் படிக்கட்டுக்கு அடியில் நிற்கும் ஸ்கூட்டரையும், தெருமுனையில் வழியை அடைத்து நிறுத்திய காரையும் எடுத்துவிடுங்கள்.